சட்டிப் பட்டாளத்தில் ஓர் அண்டா

உலகின் தென்கோடியில் இருக்கும் லின்ஃபீல்டில் பத்மாவதியைத் தெரியாத தமிழர் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப்பேர் ஒருமுறையாவது அவளுடைய காரில் ஏறி, எங்கோ ஒரு மாட்டுப்பண்ணை ஓரத்தில் இறக்கிவிடப்பட்டு, வேலியில் தொங்கும் எதையோ பார்த்து முழித்துக்கொண்டு நின்றவர்கள். மீதிப்பேர் அவர்களிடம் விசாரித்துத் தப்பித்துக்கொண்டவர்கள்.

பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள் அவள். நாற்பது தாண்டித்தான் கார் ஓட்டப் பழகினாள். அந்த வயதில் லைசன்ஸ் எடுக்கும் பெண்கள் கோயிலுக்கும் சாமான் கடைக்கும் போய்வந்து அதோடு நிறுத்திக்கொள்வார்கள். பத்மாவதி நிறுத்தவில்லை. தெற்கே ஒரு பண்ணைக்காரர் தன் வேலி முழுக்கப் பல் துலக்கும் பிரஷ்களைக் கட்டி வைத்திருக்கிறார் என்று யாரோ நோயாளி சொல்லக் கேட்டு, அடுத்த சனிக்கிழமையே புருஷனையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போய், கிளினிக்கில் சும்மா கிடைத்த பிரஷ் ஒன்றைத் தானும் கட்டிவிட்டு வந்தாள். அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். பிறகு பழைய சப்பாத்துகள் தொங்கும் வேலி, பழைய சைக்கிள் காய்த்த மரம், தேத்தண்ணிக் கேத்தில் தோட்டம், உடைந்த பீங்கானில் செய்த திமிங்கலம் என்று ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. பெண்களின் உள்ளாடைகள் தொங்கிய வேலிக்குப் போனபோது மட்டும் அவள் புருஷன் கதிர்காமநாதன் காரைவிட்டு இறங்க மறுத்து, எதிர்ப்பக்கம் நின்ற மாடுகளை அரைமணி நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதில என்ன கிடக்கு எண்டு இவ்வளவு தூரம் ஓடுறாய்?" என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் உண்டு. "ஒருத்தரும் கேக்காமல், ஒரு சதமும் கிடைக்காமல், ஒரு மனிசன் தன்ர வேலியில நூறு கேத்திலைத் தொங்கவிடுறான் எண்டால், அயலட்டை என்ன சொல்லும் எண்டு அவன் யோசிக்கேல்லை பாருங்கோ. எங்கட ஆக்களில அப்பிடி ஒருத்தரைக் காட்டுங்கோ பாப்பம்."

அப்படி ஒருவரைக் காட்டுவது கஷ்டம்தான். நேரெதிரான ஆளைக் காட்டச் சொன்னால் கதிர்காமநாதனின் அக்கா கௌரியைக் காட்டலாம். அதே நகரின் மறுகோடியில் பாபகூராவில் இருக்கும் கௌரி, அயலட்டை என்ன சொல்லும் என்று யோசிக்காமல் தும்மக்கூட மாட்டாள்.

தாய் தகப்பன் இல்லாத தம்பியை இந்த நாட்டுக்கு எடுப்பித்து, வேலை தேடிக் கொடுத்து, பெண் பார்த்துக் கட்டிவைத்தவளும் அவள்தான். அந்தப் பெண் இப்படிச் சப்பாத்து வேலி பார்க்கப் போகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. பத்மாவதியும் கதிர்காமநாதனும் லின்ஃபீல்டில் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது, கௌரி ஓர் எவர்சில்வர் அண்டாவைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் இறக்கினாள். ஒரு கல்யாண வீட்டுக்குச் சோறாக்கலாம். வீட்டில் இருந்ததோ மூன்று பேர்.

அண்டாவின் வயிற்றில் அவள் புருஷன் செல்வராஜ் தன் கையாலேயே பெயர் வெட்டியிருந்தார். எங்கள் ஆட்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் விடுவதில்லைதான். ஆனால் செல்வராஜ் அதற்கென்று ஒரு மெஷினே வாங்கி வைத்திருந்தார். வாங்கியது வீணாகக்கூடாது என்று மண்வெட்டி, புல் வெட்டும் மெஷின், தபால் பெட்டி என்று கைக்கு அகப்பட்ட எல்லாவற்றிலும் வெட்டினார். அண்டாவில் இடம் தாராளமாக இருந்ததால் உள்ளங்கை உயர எழுத்து: 'அன்பளிப்பு. கௌரி செல்வராஜ், பாபகூரா.'

அது அலுமாரிக்குள் போகவில்லை. அடுப்பில் வைத்தால் நாலு அடுப்பையும் மூடியது. கராஜில் கிடந்து, பத்மாவதி கார் எடுக்கும்போதெல்லாம் பம்பரில் இடித்து, கோயில் மணி மாதிரி ஓசை எழுப்பியது.

பிறகுதான் கௌரி மகனின் கல்யாணம் வந்தது. கார்ட் வாட்ஸப்பில் வந்தது. சொந்தத் தம்பி வீட்டுக்கு நேரில் வந்து வெற்றிலை வைத்துச் சொல்லாமல், ஊருக்கெல்லாம் அனுப்பிய அதே படத்தை அனுப்பினால் எந்தத் தம்பிக்குத்தான் பொறுக்கும். கதிர்காமநாதன் கல்யாணத்துக்குப் போனார், தாலி கட்டும்வரை நின்றார், சாப்பாட்டுப் பந்தியைத் திரும்பிப் பாராமல் வந்துவிட்டார். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் வருவதற்கு அர்த்தம் என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு பேச்சுவார்த்தை அறுந்தது. கோயிலில் கௌரி பிள்ளையாரிடம் நின்றால் தம்பி முருகனிடம் நிற்பார். இப்படியே வருஷக்கணக்காய் ஓடியது.

அந்தக் கோபகாலத்தில்தான் பத்மாவதிக்குச் சட்டிப் பட்டாளத்தைப் பற்றித் தெரியவந்தது.

ஏரிக்கரை ஊரான டௌப்போவையும் தாண்டித் தெற்கே போனால் பாலைவன ரோடு வரும். ஒட்டகம் இல்லாத பாலைவனம். ஒரு பக்கம் பனி மூடிய மலை, மறுபக்கம் காய்ந்த புல்லும் மணலும், நடுவில் காற்று. இராணுவம் சுட்டுப் பழகும் இடம் என்பதால், வெடிக்காத குண்டு கிடக்கும், ரோட்டைவிட்டு இறங்காதே என்று பலகை போட்டிருக்கும். அதன் விளிம்பில் டொட் என்ற வெள்ளைக்காரக் கிழவி இருந்தாள். ஆட்டு மயிர் கத்தரிக்கும் ஆட்களுக்கு வாழ்நாள் முழுக்கச் சமைத்துப் போட்டவள். ஓய்வு பெற்ற பிறகு, இராணுவம் அவர்கள் பக்கத்தில் அணிவகுத்தால் தன் பக்கத்தில் தானும் அணிவகுப்பேன் என்று, பழைய சட்டி பானை கரண்டிகளால் சிப்பாய்கள் செய்து வீட்டைச் சுற்றிய வளவில் நிறுத்திவிட்டாள். பார்க்கப் போகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய பாத்திரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

பழைய பாத்திரம் என்றதும் பத்மாவதிக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

கதிர்காமநாதன் விமான நிலைய வேலைக்குப் போன ஒரு சனிக்கிழமை, அண்டாவைப் போர்வையால் மூடிக் காரின் பின்பக்கம் ஏற்றினாள். மகள் பிரணவி கூடப் போனாள். பிரணவிக்குத் தமிழ் விளங்கும், வாசிக்க வராது, அண்டா யார் தந்தது என்பதும் நினைவில்லை. டொட் அண்டாவைத் தட்டிப் பார்த்துச் சொக்கிப்போனாள். எழுத்தைத் தடவி, இது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள்.

பத்மாவதி கொஞ்சமும் தடுமாறவில்லை. "வழியில் போகிற எல்லாருக்கும் சமாதானம்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

திரும்பி வரும்போது காரும் மனமும் பஞ்சாய் இருந்தன. டௌப்போவில் மகளுக்கும் தனக்கும் ஐஸ்கிரீம் வாங்கினாள். புருஷனிடம் அண்டாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவரும் கராஜில் ஏன் சத்தம் கேட்கவில்லை என்று கேட்கவில்லை.

போன குளிர்காலத்தில் கதிர்காமநாதனுக்கு நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் காலை, பார்வையாளர் நேரம் தொடங்குமுன்னமே, பாபகூராவிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி, கையில் ரசப் போத்தலோடு கௌரி வந்து கட்டிலடியில் நின்றாள். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "கார்ட் குடுக்க நான் நேர வந்திருக்கவேணும்" என்றாள் அவள். "நானும் சாப்பிட்டிட்டு வந்திருக்கவேணும்" என்றார் அவர். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். பத்மாவதி வெளியே வந்து, தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று தானும் அழுதாள். கௌரியைப் பிடிக்காவிட்டாலும், அந்த அக்கா இல்லாமல் தன் மனிதர் எவ்வளவு வாடிப்போயிருந்தார் என்று அன்றைக்குத்தான் முழுக்க விளங்கியது.

அதன் பிறகு தினமும் அக்கா போன் எடுப்பாள். கதிர்காமநாதன் பத்து வயது குறைந்தவர் போல நடமாடினார். எல்லாம் நல்லாய்த்தான் போனது, ஒரு ஞாயிறு மத்தியானம் கௌரி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை.

"பத்மா, நான் தந்த அண்டா எங்க? காணேல்லை?"

"கராஜில மச்சாள். சாமானுகளுக்குப் பின்னால."

"நவராத்திரிக்கு எடுத்துவை. அதிலதான் கடலை அவிக்கோணும்."

பத்மாவதி கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். அது போதாதென்று பிரணவி போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமி, லுக். அம்மா டேக்ஸ் அஸ் டு சச் வியர்ட் பிளேசஸ்." படத்தில் பனிமலையும், தூரத்தில் பொடியாய்த் தெரிந்த சட்டிச் சிப்பாய்களும்.

கௌரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தாள். "நான் இந்த நாட்டுக்கு வந்து சமையலறையையும் கோயிலையும் தவிர என்னத்தைக் கண்டனான். ஒருக்கால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன். தம்பிக்கும் நல்ல காத்துப் படும்."

"உது சரியான தூரம் மச்சாள். உங்களுக்கு முழங்கால் நோ."

"முழங்காலாலேயோ கார் ஓடுறது?"

கதிர்காமநாதன் சிரித்தார். அக்காவோடு ஒரு காரில், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு பயணம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்லப் பத்மாவதிக்கு வாய் வரவில்லை. அண்டாவைக் கௌரி கண்டால், தம்பி வீட்டில் தன் அன்பளிப்புக்குக் கிடைத்த மரியாதை இதுதான் என்று அன்றோடு போய்விடுவாள். இந்தமுறை போனால் திரும்பி வரமாட்டாள். கதிர்காமநாதனின் நெஞ்சு அதைத் தாங்குமா என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

பயந்த மனுஷி என்ன செய்வாள். பனி கொட்டினால் பாலைவன ரோட்டைப் பூட்டுவார்கள் என்று தெரிந்து, புரட்டாசியில் வரும் இந்த நாட்டு வசந்தகாலத்தில் பனி கேட்டுப் பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றினாள். பிள்ளையாருக்கு அந்த இலாகா இல்லை போலும், பயணம் போன அன்று வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. வழியில் கண்ட கழிவறைக்கெல்லாம் காரை நிறுத்தினாள். டீரா என்ற சிற்றூரில் தகரத்தில் செய்த பெரிய நாயைக் காட்டி, அதன் காதிலிருந்து வால்வரை விளக்கம் சொன்னாள். டௌப்போவில் ஏரிக்கரையில் பாய் விரித்து ரோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்து வைத்து, "இதுக்கு மேல ஒண்டும் வடிவில்லை மச்சாள், இப்பிடியே திரும்புவமோ?" என்று கேட்டும் பார்த்தாள்.

"வெளிக்கிட்டது பட்டாளம் பாக்க" என்றாள் கௌரி.

போய்ச் சேர்ந்தபோது பத்மாவதியின் கடைசி நம்பிக்கையும் போனது. அண்டா மூலையில் எங்காவது கிடக்கும் என்று நினைத்திருந்தாள். டொட் அதற்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தாள். எல்லாச் சிப்பாய்களுக்கும் முன்னால், வளவு வாசலிலேயே, அண்டாவை வயிறாகவும் குக்கரைத் தலையாகவும் வைத்து ஒரு தளபதி நின்றார். வயிறு பளபளவென்று மினுக்கப்பட்டிருந்தது. செல்வராஜின் எழுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"காத்து பலமாயிருக்கு, எல்லாரும் காருக்குள்ள இருங்கோ, நான் முதல் போய்க் கதைச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பத்மாவதி ஓடினாள். கழுத்திலிருந்த சால்வையை உருவித் தளபதியின் வயிற்றில் சுற்றினாள். பாலைவனக் காற்று அதை அவிழ்த்தது. மறுபடி சுற்றினாள், முடிச்சும் போட்டாள். அதற்குள் கௌரி முழங்கால் நோவெல்லாம் மறந்து பின்னாலேயே வந்துவிட்டாள். தம்பியும் பிரணவியும் வந்துவிட்டார்கள்.

"உவருக்குக் குளிருதோ?" என்று கேட்டாள் கௌரி.

அந்த நேரம் பார்த்து டொட் வீட்டுக்குள்ளிருந்து கைகளை விரித்துக்கொண்டு வந்தாள். பத்மாவதியை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்தாள். சால்வையைக் கண்டதும், ஐயோ, ஆசீர்வாதத்தை மூடக்கூடாது என்று சொல்லி, சிலை திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி மாதிரி அதை ஒரே இழுவையாக இழுத்தெடுத்தாள். "இது உங்கள் மொழிதானே? வழியில் போகிற எல்லாருக்கும் சமாதானம். இங்கே நிற்கிற எல்லாருக்கும் நான் இதைத்தான் சொல்லுவேன்."

கௌரி கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள். துடைத்தாள். போட்டாள். ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்.

"அன்பளிப்பு. கௌரி செல்வராஜ். பாபகூரா."

பத்மாவதிக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது போலிருந்தது. பக்கத்தில்தானே இராணுவம், ஒரு குண்டாவது வெடிக்கக்கூடாதா என்றும் நினைத்தாள். ஒன்றும் வெடிக்கவில்லை. கௌரி மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

கதிர்காமநாதன் அப்போதுதான் எழுத்தைக் கண்டார். அவருக்கு எல்லாம் விளங்க ஒரு நொடி பிடித்தது. மனைவியைப் பார்த்தார். சுகமில்லை என்று வேலைக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர். நோய் வந்த அன்றுகூட, பெரிசாய் நோகவில்லை, கொஞ்சம்தான் நோகுது என்று டொக்டருக்குக் கணக்காய்ச் சொன்னவர். அவர் ஒரு அடி முன்னால் வந்து, அக்காவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"நான்தான் அக்கா குடுத்தனான்."

"நீயோ?"

"ஓம். கோவமாயிருந்த காலம், உங்களைப் பாக்கேலாமல் கிடந்துது. இவ்வளவு சனம் வந்துபோற இடத்தில உங்கட பெயராவது இருக்கட்டும் எண்டு நான்தான் பத்மாட்டைச் சொல்லிக் குடுத்துவிட்டனான். அந்த அம்மாவுக்கு என்னெண்டு விளங்கப்படுத்துறது? எங்களுக்குக் கௌரி எண்டால் சமாதானம்தானே, அதைத்தான் இவ சொல்லியிருக்கிறா."

டொட்டின் கையிலிருந்த சால்வையைப் பத்மாவதி வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷக் கல்யாணத்தில் இந்த மனிதருக்குள் இப்படி ஓர் ஆள் இருப்பது அவளுக்குத் தெரியாது. அந்த நிமிஷம் அவருடைய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல அவளுக்கு அவ்வளவு ஆசை வந்தது. பயத்தில் பிடிக்கவில்லை.

கௌரி தளபதியை ஏற இறங்கப் பார்த்தாள். வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினாள். "அப்ப ஒரு படம் எடு பிள்ளை" என்றாள் பிரணவியிடம். தளபதியின் ஒரு பக்கம் தானும் மறுபக்கம் தம்பியுமாக நின்று, தலையைச் சரிசெய்துகொண்டாள். திரும்பும் வழி முழுக்க அந்தப் படத்தைப் பாபகூராவுக்கும் கொழும்புக்கும் டொரொண்டோவுக்கும் அனுப்பிக்கொண்டே வந்தாள். கதிர்காமநாதன் முன் இருக்கையில் வாய் திறந்து நித்திரை கொண்டார், பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்தவர் போல.

தப்பினோம் பிழைத்தோம் என்று பத்மாவதி நவராத்திரிவரை நிம்மதியாக இருந்தாள். முதல் நாள் காலையில் செல்வராஜின் வான் வாசலில் வந்து நின்றது. செல்வராஜும் கதிர்காமநாதனும் மூச்சு வாங்க ஒரு சாமானை இறக்கி, கதவுக்குள்ளால் நுழையாமல், கராஜைச் சுற்றிக் கொண்டுவந்து சமையலறையில் வைத்தார்கள். புது அண்டா. பழையது இதற்குள் இருந்து குளிக்கலாம்.

"உங்கட அண்டாவை எனக்காண்டிக் குடுத்திட்டு வெறுங்கையோட நிக்கிறியள்" என்றாள் கௌரி, ஆண்கள் இருவரும் கேட்கும்படியாக. "எனக்கு மனம் கேக்கேல்லை."

ஆண்கள் தோட்டத்துக்குப் போனார்கள். பத்மாவதி குனிந்து அண்டாவைச் சுற்றிவந்து எழுத்தை வாசித்தாள். இந்தமுறை செல்வராஜ் விளிம்பைச் சுற்றி முழு வட்டமும் வெட்டியிருந்தார். அன்பளிப்பு என்று தொடங்கி, பெயர்கள் எல்லாம் வந்து, கடைசியில் கொஞ்சம் ஆழமாக ஒரு வரி: 'வீட்டுப் பாவனைக்கு மட்டும்.'

அவள் நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் கௌரியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"மச்சாள்" என்றாள் அண்டாவுக்குள் பார்த்தபடி. "எப்ப தெரியும்?"

"அங்கேயே." கௌரி கடலை ஊறவைத்த சட்டியை இழுத்து, தண்ணீரை வடித்தாள். "தம்பி உண்மை சொல்லேக்க நிலத்தைப் பாப்பான். சின்னனிலேயே அப்பிடித்தான். பொய் சொல்லேக்கதான் ஆளின்ர மூஞ்சையை நேர பாப்பான். அண்டைக்கு என்னை எப்பிடிப் பாத்தவன் எண்டு கண்டனியெல்லே."

"பேந்து ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"எனக்குக் கோவம் வரேல்லை எண்டோ நினைக்கிறாய்? உன்னை அந்த மணலுக்குள்ள தாட்டிருப்பன்." கௌரி கடலையை இரண்டு கையாலும் அள்ளி அண்டாவுக்குள் போட்டாள். அவ்வளவு பெரிய அண்டாவில் அது அடியைக்கூட மறைக்கவில்லை. "அவனுக்கு நான் எவ்வளவு முக்கியம் எண்டு எனக்குத் தெரியும். அப்பிடியிருந்தும் உனக்காக எனக்கு முன்னால வந்து நிண்டு பொய் சொன்னவன். நான் பாத்துக் கட்டிவைச்ச பெட்டை நீ. பிழையாப் பாக்கேல்லை எண்டு நினைச்சன்."

பத்மாவதி நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. மன்னியுங்கோ என்று சொல்ல வந்தாள். கௌரி விடவில்லை.

"காணும், காணும். அடுப்பைப் பத்தவை. இதை எங்க வைச்சிருக்கிறாய் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் வந்து பாப்பன்."

யன்னலுக்கு வெளியே கதிர்காமநாதன் செல்வராஜுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கைகளை அகல விரித்து ஒரு வயிற்றைக் காட்டினார். பிறகு நெஞ்சைத் தட்டி, நான்தான் என்று சைகை செய்தார். செல்வராஜ் வியந்து தலையாட்டினார்.

"பார், எத்தினையாம்தரம் சொல்லுறான்" என்றாள் கௌரி. அவளுடைய குரல் தாழ்ந்தது. "எனக்குத் தெரியும் எண்டு அவனுக்குச் சொல்லிப்போடாதை. வாழ்க்கையில ஒரேயொரு பொய்தான் சரியாச் சொன்னனான் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறான்."

"சொல்லமாட்டன் மச்சாள்."

இரண்டு பெண்களும் அண்டாவின் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி அடுப்பில் வைத்தார்கள். அது நாலு அடுப்பையும் மூடியது.